டிராக் டேக்கு முன்சக்கர, பின்சக்கர பிரேக் பேட் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ சொந்தக் காரை டிராக் டேயில், அதாவது ரேஸ் டிராக்கில், ஓட்டத் தயாராகிறவர்களுக்காக இந்தப் பக்கம். போலோ, ஸ்விஃப்ட், ஐ20, சிட்டி, ஆக்டேவியா போல ரோட்டிலும் ஓடி, எப்போதாவது டிராக்கிலும் ஓடும் கார்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். வெப்ப அளவுகள் எல்லாம் செல்சியஸில்.

காரோடு வந்த கம்பெனி பேடே ரோட்டில் நன்றாகப் பிடிக்கிறதே, டிராக்கில் மட்டும் ஏன் போதாது?

சூடுதான் காரணம். ஆளோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார், மணிக்கு 60 கிமீ வேகத்திலிருந்து நிற்பதற்கு ஏறத்தாழ 167 கிலோஜூல் ஆற்றலைப் பிரேக்கில் வெப்பமாக்குகிறது. அதில் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகிறது, முன் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும், பேட் இறுக்கிப் பிடிக்கும் இரும்புத் தட்டு) ஒவ்வொன்றும் 6 கிலோ என்று வைத்துக்கொண்டால், டிஸ்கின் வெப்பம் ஒரே பிரேக்கில் 21 டிகிரி ஏறும். அதே கார் 160-லிருந்து 80-க்கு இறங்கும்போது வெளிவருவது 890 கிலோஜூல். டிஸ்க் ஒன்றுக்கு 110 டிகிரி ஏற்றம்.

ரோட்டில் அப்படி ஒரு முறை அழுத்தினால், அடுத்த முறை அழுத்துவதற்குள் ஆறிவிடும். டிராக்கில் அரை நிமிடத்துக்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. ஆறுவதற்கு முன்பே அடுத்த சூடு ஏறுவதால், மூன்று நான்கு லேப்பில் முன் டிஸ்க் 400, 500 டிகிரியைத் தொட்டுவிடும். சாதாரண ரோடு பேடில் தூள்களைப் பிணைத்து வைத்திருப்பது ரெசின் பசை. 300–350 டிகிரியைத் தாண்டியதும் பெரும்பாலான ரோடு பேடுகளின் பிடிப்பு விழ ஆரம்பிக்கும். பசை சிதைந்து வாயுவாக வெளியேறும், பேடின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிடும்.

காரி டிராக் ஏறத்தாழ 2.1 கிமீ, இருங்காட்டுக்கோட்டையின் முழுச்சுற்று 3.717 கிமீ. சிறிய டிராக்கில் வேகம் குறைவு, பிரேக்குக்கு வேலை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே உச்ச வேகம் குறைந்தாலும், பிரேக்குக்குப் பிரேக் ஆறுவதற்குக் கிடைக்கும் நேரமும் குறைந்துவிடுகிறது.

பிரேக் பிடிக்காமல் போனால், கோளாறு பேடிலா பிரேக் ஆயிலிலா?

காலுக்குத் தெரியும். பெடல் கட்டையாக, எப்போதும் நிற்கும் உயரத்திலேயே நின்று, எவ்வளவு மிதித்தாலும் கார் மட்டும் நிற்கவில்லையென்றால் பேட் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் தொளதொளவென்று கீழே இறங்கி, இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் மேலே வருகிறதென்றால் பேடைப் பிஸ்டனால் டிஸ்கோடு அழுத்தும் காலிப்பருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகியிருக்கிறது. இரண்டாவது ரொம்ப ஆபத்து, ஏனென்றால் பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்காது. போன வளைவில் சரியாக இருந்த பெடல் இந்த வளைவில் தரையைத் தொடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. புத்தம்புதுப் பேடை நேராக டிராக்கில் சூடாக்கினால், உள்ளே இருக்கும் ரெசின் முதல்முறை வாயுவாக வெளியேறும்போது பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவில் ஒரு படலம் மாதிரி நின்று பிடிப்பைக் கெடுக்கும். விலை உயர்ந்த பேடிலும் இது நடக்கும். பெட்-இன் (புதுப் பேடைப் படிப்படியாகச் சூடாக்கிப் பழக்குவது, முறை கீழே) செய்யாததால் வருவது.

பேடுக்கு முன்னால் மாற்ற வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, பிரேக் ஆயில். பேடுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு மூன்று வருடப் பழைய ஆயிலோடு டிராக்குக்கு வருவதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்தின்படி புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய நிலைக்கு அதே தரம் கேட்பது 155 மட்டுமே. நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. நல்ல பேட் போட்டால் நீங்கள் இன்னும் தாமதமாக, இன்னும் பலமாக மிதிப்பீர்கள். அந்தச் சூடும் பேடின் முதுகில் உள்ள உலோகப் பின்தட்டு வழியாகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும்தான் போகும். பழைய ஆயில் இருக்கும் காரில் நல்ல பேட் ஆபத்தைக் கூட்டுகிறது என்றே சொல்லலாம்.

மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ரேஸிங் ஆயிலின் புதுநிலைக் கொதிநிலை 312 டிகிரி. நம்மூர்க் கார்களுக்கு இது தாராளம். 500 மில்லி பாட்டில் இரண்டு வாங்குங்கள். பழையதை முழுவதும் வெளியேற்ற ஒரு லிட்டர் போதும். டிராக் ஓட்டுபவர்கள் வருடம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். மூடி திறந்த பாட்டிலை அடுத்த சீசனுக்கு எடுத்து வைக்காதீர்கள். டாட் 5 என்பது சிலிகான் வகை. பெயரில் டாட் 5.1-க்குப் பக்கத்தில் இருந்தாலும் அது வேறு பொருள், இந்தக் கார்களில் ஊற்றக் கூடாது.

பேட் பெட்டியில் போட்டிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

முக்கியமானவை இரண்டு: உராய்வு எண், வேலை செய்யும் வெப்ப எல்லை. உராய்வு எண் 0.40 என்றால் சுமாரான ரோடு பேட், 0.50-க்கு மேல் என்றால் கடிப்பு அதிகம். பலர் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். வெப்ப எல்லையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 900 டிகிரி தாங்கும் என்று எழுதியிருப்பதில் உங்களுக்குப் பயனில்லை, உங்கள் டிஸ்க் 500-ஐத் தாண்டப்போவதில்லை என்றால். எத்தனை டிகிரியில் பிடிக்கத் தொடங்கும் என்ற கீழ் எல்லையைக் கேளுங்கள். முழு ரேஸ் பேட் சில, 200 டிகிரியை எட்டும்வரை உங்கள் கம்பெனி பேடைவிட மோசமாகப் பிடிக்கும். காலையில் வீட்டிலிருந்து டிராக்குக்கு ஓட்டிப்போகிறவர் முதல் சிக்னலிலேயே அதை உணர்வார்.

பேடின் பின்தட்டிலோ ஓரத்திலோ இரண்டு எழுத்து அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிக சூட்டில். ஈ என்றால் 0.25–0.35, எஃப் என்றால் 0.35–0.45, ஜி என்றால் 0.45–0.55. எஃப்-ஈ என்று இருந்தால் சூடேறும்போது பிடிப்பு குறைகிறது, டிராக்குக்கு வேண்டாம். ஆனால் அந்தச் சோதனை 350 டிகிரிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. எனவே ஜி-ஜி என்று இருப்பதால் மட்டும் 500 டிகிரியிலும் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, எந்தப் பேட் வாங்கலாம்?

முதல் இரண்டு மூன்று டிராக் டே, ரோடு டயர், 1,100–1,300 கிலோ கார் என்றால் ரோடுக்கும் டிராக்குக்கும் நடுவில் இருக்கும் வகை போதும். ஃபெரோடோ டிஎஸ்2500, ஹாக் ஹெச்பி பிளஸ், ஈபிசி எல்லோஸ்டஃப் இந்த வரிசையில் வருபவை. டிஎஸ்2500-ன் சராசரி உராய்வு 0.42. கேட்பதற்குச் சாதாரண எண்தான், ஆனால் சூடேறினாலும் அந்த எண் பெரிதாக ஏறி இறங்காது. எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பிடிக்கும் என்று காலால் கணிக்க முடிவதால், புதிதாகக் கற்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வோம்.

அரை ஸ்லிக் டயர் (டிராக்குக்காகச் செய்த, கோடுகள் குறைந்த டயர்), கூட்டிய எஞ்சின் பவர், 1,400 கிலோவுக்கு மேல் எடை ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தால் அடுத்த படிக்குப் போகலாம்: ஹாக் டிடிசி-60, பாஜிட் ஆர்எஸ்29, கார்போடெக் எக்ஸ்பி10 போன்றவை. இவை ரோட்டுக்கானவை அல்ல. டிராக்குக்குப் போய் மாட்டி, திரும்பும்போது கழற்றிவிட வேண்டும். டயர் பிடிப்பு கூடினால் பிரேக் சூடும் கூடும் என்பதை மறந்துவிடாதீர்கள். டயரை மாற்றிய சீசனில்தான் பெரும்பாலும் பேட் கைவிடும்.

முன்னும் பின்னும் ஒரே பேட் போடலாமா?

முன் இன்ஜின், முன்சக்கர ஓட்டம் கொண்ட காரில் நிற்கும்போதே எடையின் 60 சதவீதத்துக்கு மேல் முன்னால் இருக்கும். பிரேக் அடிக்கும்போது இன்னும் முன்னுக்குச் சாயும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு எளிது: ஈர்ப்பு மையத்தின் உயரத்தை வீல்பேஸால் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) வகுத்து, பிரேக்கின் வேகக்குறைப்பால் பெருக்க வேண்டும். உயரம் 0.55 மீட்டர், வீல்பேஸ் 2.47 மீட்டர், வேகக்குறைப்பு 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம்) என்றால் 22 சதவீத எடை முன்னுக்குப் போகும். 62:38 ஆக இருந்த கார் 84:16 ஆகிவிடும். பின் டயர்கள் மேல் அந்த நேரத்தில் அழுத்தம் அவ்வளவுதான். பின் பிரேக் சற்றே கூடுதலாகப் பிடித்தாலும் பின் சக்கரம் லாக் ஆகும், அதாவது சுழலாமல் வழுக்கும்.

முன் சக்கரம் லாக் ஆனால் கார் நேராகப் போகும், பெடலை விட்டால் திரும்பவும் கட்டுக்குள் வரும். பின் சக்கரம் லாக் ஆனால் வால் சுழன்றுவிடும். தவறினால் முன்பக்கம் தவறட்டும் என்பதே எங்கள் விதி. அதனால்தான் பின்னுக்குக் கடிப்பு அதிகமான பேடைப் போடச் சொல்லவே மாட்டோம்.

எண்ணில் பாருங்கள். காரின் முன்–பின் பிரேக் விசை 70:30 என்று வைப்போம், இரண்டிலும் உராய்வு 0.38. முன்னால் மட்டும் 0.48 போட்டால் பங்கு 75:25 ஆகும். பாதுகாப்பானதுதான், ஆனால் பின் பிரேக் வேலை குறைந்து முன்பக்கச் சூடு இன்னும் கூடும். பின்னால் மட்டும் 0.48 போட்டால் 65:35. ஈரத்தில் வளைவுக்குள் பிரேக் அடிக்கும் ஒருவருக்கு இது நேரடியான ஸ்பின். இரண்டிலும் 0.48 போட்டால் பங்கு மாறாமல் 70:30-லேயே நிற்கும்.

அப்படியானால் இரண்டிலும் ஒரே பேட் என்பது சரிதானே என்று தோன்றும். காகிதத்தில் சரி. டிராக்கில் பின் டிஸ்க் பல நேரம் முன் டிஸ்கைவிட 100 டிகிரிக்கு மேல் குறைவான சூட்டில் ஓடும். முன்னால் 450 டிகிரியில் அருமையாக வேலை செய்யும் பேட், பின்னால் 250-லேயே நின்று முழு உராய்வை எட்டாமல் போகலாம். எனவே ஒரே கம்பெனியின் ஒரே குடும்பத்தில் பின்னுக்கு ஒரு படி கீழே எடுப்பது நல்லது. கார்போடெக்கில் முன் எக்ஸ்பி10, பின் எக்ஸ்பி8 என்று பலர் போடுவது இதனால்தான். நடு வகைப் பேடில் இந்தப் பிரச்சினை சிறியது, முன்னும் பின்னும் டிஎஸ்2500 தாராளமாகப் போடலாம். முன்னால் ரேஸ் பேட், பின்னால் கம்பெனி பேட் என்பதும் சிறிய கார்களுக்கு ஒத்துவரும் அமைப்புதான். செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: முன்னால் கம்பெனி பேடை விட்டுவிட்டுப் பின்னால் மட்டும் மேம்படுத்துவது.

ஏபிஎஸ், இபிடி எல்லாம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?

பின் சக்கரம் வழுக்குவதை இபிடி (முன்–பின் பிரேக் விசையைப் பிரித்துக் கொடுக்கும் எலக்ட்ரானிக் அமைப்பு) கண்டுபிடித்து அங்கே அழுத்தத்தைக் குறைக்கும், உண்மை. ஆனால் பின் பேட் அதிகம் கடித்தால் இபிடி சீக்கிரமே வேலையில் இறங்கி, ஒவ்வொரு பிரேக்கிலும் பெடலில் துடிப்பு வரும், பிரேக் தூரமும் நீளும். சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் கடைசிப் பாதுகாப்பு. அதை வைத்துப் பேட் கோளாறை மறைக்கக் கூடாது.

என் காரில் பின்னால் டிரம். என்ன செய்வது?

இங்கே விற்ற போலோ ஜிடி, ஸ்விஃப்ட், விர்டஸ், ஸ்லாவியா எல்லாம் பின்னால் டிரம்தான். டிஸ்க் மாற்றத்துக்குச் செலவழிக்க வேண்டிய அவசியம் இல்லை. மேலே பார்த்தபடி பின்னால் தேவைப்படும் வேலையே குறைவு. டிரம்மைக் கழற்றித் தூளைச் சுத்தம் செய்யுங்கள். ஊதிவிடாமல், பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். வீல் சிலிண்டர் ரப்பரைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ஷூ அட்ஜஸ்டரை இரண்டு பக்கமும் சமமாக வையுங்கள். ஷூ தளர்ந்திருந்தால் பெடல் பயணம் நீளும், அதை ஆயில் கொதித்ததாகத் தவறாக நினைத்துவிடுவீர்கள். இந்தக் கார்களில் முன்பக்க நடு வகைப் பேட், புது ஆயில், ஒழுங்கான டிரம் என்ற கூட்டணி போதும்.

பின் பேட் முன்பேடைவிடச் சீக்கிரம் தேய்கிறது. ஏன்?

பெரும்பாலும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் காரணம். வளைவில் காரை நேர்படுத்த அது தானாகவே ஒரு சக்கரத்தைப் பிடிக்கும், உங்கள் கால் பெடலில் இல்லாதபோதும். ஒரு லேப்பில் பல முறை நடந்தால் அந்தப் பேட் ஆறவே ஆறாது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் உள்ள எக்ஸ்டிஎஸ் என்ற அமைப்பு வளைவின் உள்பக்க முன் சக்கரத்தைப் பிடிப்பதால் முன் பேடும் கூடுதலாகச் சூடாகும். புதியவர்கள் இதற்காக ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்க வேண்டாம். விளக்கு அடிக்கடி மின்னுகிறதென்றால் வளைவுக்குள் அதிக வேகத்தில் நுழைகிறீர்கள், அதைத் திருத்துங்கள், பேடும் பிழைக்கும். ஒரே ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்தால் அது வேறு கதை: காலிப்பர் பிஸ்டனோ, காலிப்பர் நகர உதவும் கம்பியான ஸ்லைடர் பின்னோ சிக்கியிருக்கும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது?

ஒரே மாடலில் வேரியண்டைப் பொறுத்து காலிப்பர் மாறும், அதனால் கார் பெயரைச் சொல்லி மட்டும் வாங்காதீர்கள். டிஸ்கின் விட்டமும் தடிமனும் அளந்து, பழைய பேடைக் கழற்றி வடிவத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். டிஸ்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை நெருங்கியிருந்தால் டிஸ்கும் மாற்ற வேண்டும்.

ஸ்லைடர் பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் மெல்லிதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். முன் பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் டேங்க் நிரம்பி வழியும், முதலிலேயே கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். பின் டிஸ்க் காலிப்பரில் ஹேண்ட்பிரேக் சேர்ந்திருந்தால் பிஸ்டனைச் சுழற்றித்தான் உள்ளே தள்ள வேண்டும், சி-கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள் திருகு உடையும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில் ஸ்கேனரால் சர்வீஸ் மோடில் போட்ட பிறகே காலிப்பரைத் தொட வேண்டும். எல்லாம் மாட்டியதும் காரை நகர்த்துவதற்கு முன் பெடல் கட்டையாகும்வரை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக் இருக்காது.

பெட்-இன் எப்படிச் செய்வது?

பேடின் பொருள் டிஸ்கில் ஒரு மெல்லிய சமமான படலமாகப் படிய வேண்டும், அதற்குத்தான் இது. முன்னால் வேறு பேட் ஓடிய டிஸ்க் என்றால் 80–120 எண் உப்புத்தாளால் இரண்டு முகத்தையும் வட்டமாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடையுங்கள். இரண்டு வகைப் பேடின் படலம் கலந்தால் பிடிப்பு சீராக இருக்காது.

காலியான இடத்தில், அல்லது டிராக்கின் முதல் செஷனில், 80-லிருந்து 30 வரை மிதமாக ஐந்தாறு முறை. பிறகு 110-லிருந்து 40 வரை பலமாக எட்டுப் பத்து முறை, இடையில் ஆறவிடாமல். எந்த இடத்திலும் முழுதாக நிறுத்தக் கூடாது. சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்தி நின்றால் அந்த இடத்தில் தடிப்பாகப் படிந்துவிடும். வாசனை வரும், லேசாகப் பிடிப்பு குறையும், அப்போது நிறுத்திக்கொண்டு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி, பிறகு முழுதாக ஆறவிடுங்கள். பேட் தயாரிப்பாளர் வேறு முறை கொடுத்திருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். டிஸ்க் முகம் முழுதும் ஒரே சாம்பல்–நீலச் சாயல் தெரிந்தால் வேலை முடிந்தது.

பிரேக் அடித்தால் ஸ்டியரிங் அதிர்கிறது. டிஸ்க் கோணிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. டிஸ்கில் பேட் பொருள் ஏற்றத்தாழ்வாகப் படிந்திருக்கும். முதலில் மறுபடி பெட்-இன் செய்து பாருங்கள். பல நேரம் அதிர்வு போய்விடும். அப்படியே விட்டுவிட்டால் தடிப்பான இடம் மற்றதைவிடச் சூடாகி, 650 டிகிரியைத் தாண்டும்போது வார்ப்பிரும்பு அங்கே கடினமான சிமென்டைட்டாக மாறும். அதன்பிறகு லேத்தில் கொடுத்தாலும் அதிர்வு திரும்ப வரும், டிஸ்க் மாற்றுவதே வழி.

எவ்வளவு தடிமன் மீதமிருந்தால் டிராக்குக்குப் போகலாம்?

ரோட்டில் 3 மிமீ வரை ஓட்டுகிறவர்கள் உண்டு. டிராக்குக்குப் புதுப் பேடின் பாதிக்குக் கீழே இருந்தால் வேண்டாம். புதிதில் 10–12 மிமீ என்றால் 5–6 மிமீ எல்லை. பேடின் பொருள்தான் காலிப்பருக்குச் சூடு போகாமல் தடுக்கிறது. மெலிந்தால் பிஸ்டனின் ரப்பர் உறை கருகும், ஆயில் கொதிக்கும். தேய்வு நேர்கோட்டில் இருக்காது, கடைசி 4 மிமீ முதல் 4 மிமீயைவிட வேகமாகப் போகும். உள் பேட், வெளி பேட் இரண்டையும் பாருங்கள். 2 மிமீக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்லைடரைச் சரிசெய்யுங்கள்.

என் பிரேக் எவ்வளவு சூடாகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிஸ்கின் வெளி விளிம்பில் தடவும் வெப்ப பெயின்ட் கிடைக்கும். பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் வெளுக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பூசி ஒரு செஷன் ஓட்டுங்கள். பச்சை மட்டும் வெளுத்திருந்தால் நடு வகைப் பேட் போதும், அதற்குமேல் காசு கொடுக்காதீர்கள். ஆரஞ்சும் வெளுத்தால் ரேஸ் பேட் வேண்டும். சிவப்பும் போனால் பேடைவிடக் காற்றுக்குழாயும் பெரிய டிஸ்கும் முக்கியம். முன், பின் இரண்டிலும் பூசினால்தான் பின்னுக்கு எந்தப் பேட் என்பதும் தெரியும். பிட்டில் (டிராக் ஓரத்தில் கார் நிறுத்தும் இடம்) நின்றபிறகு லேசர் கன்னில் அளக்கும் எண் எப்போதும் குறைவாகவே காட்டும்.

மழையில்?

பிரேக் சூடு விழும், ரேஸ் பேட் வேலை எல்லைக்கே வராது. வேகக்குறைப்பு அரை ஜி-தான் என்றால் மேலே சொன்ன கார் 84:16 ஆகாமல் 73:27-லேயே நிற்கும், பின் பிரேக்குக்கு வேலை கூடும். கம்பெனி பேடோ நடு வகையோ போட்டு ஓட்டுங்கள்.

அதே பேடில் தினமும் ஆபீஸ் போகலாமா?

நடு வகையில் போகலாம், கொஞ்சம் கிரீச் சத்தமும் தூளும் இருக்கும். தூளில் இரும்பு உண்டு. மழைநீர் பட்டு அலாய் வீலில் துருப்புள்ளி ஒட்டிக்கொள்வதற்கு முன் கழுவிவிடுங்கள். ரேஸ் பேடில் போகாதீர்கள்: குளிர்ந்த நிலையில் டிஸ்கை அரத்தால் அராவுவது போலத் தின்னும், அவசரப் பிரேக்கில் காலை வாரும்.

செஷன் முடியும்போது?

கடைசி லேப் முழுவதும் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் ஓட்டி ஆறவிடுங்கள். பிட்டில் நின்றபின் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், பெடலையும் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குத் தடுப்புக்கட்டை வையுங்கள். ஆறியபிறகு வீல் போல்ட்டை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள், போலோ, ஆக்டேவியாவுக்கு 120 நியூட்டன் மீட்டர். ஒரு செட் கம்பெனி பேடும், திறக்காத பிரேக் ஆயில் பாட்டில் ஒன்றும் டிக்கியில் இருக்கட்டும். டிராக்கில் பேட் தீர்ந்துவிட்டாலும் வீட்டுக்குத் திரும்ப அவை போதும்.